யார் தருவது மதிப்பெண்?



அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் மூன்று நாள்கள் ஒரு நிகழ்ச்சி நடைபெறுகிறது. பந்தும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒருவர் மேடைக்கு வந்து ஓர் இளைஞரின் பெயரை வாசிக்கிறார். சிறிது நேரம் கழித்து இன்னொரு பெயர். இதைத் தொலைக்காட்சியில் பார்க்க 2025-ஆம் ஆண்டில் முதல் நாள் மட்டுமே ஒரு கோடிக்கும் அதிகமானோர் அமர்ந்திருந்தனர்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரே வருபவர்களோடு மோதி முன்னேறும் முரட்டு விளையாட்டு அது. என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள் உள்ளன. கல்லூரி அணிகளில் விளையாடிய இளைஞர்களை இந்த அணிகள் ஏழு சுற்றுகளில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்வதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் நடப்பதுபோல் இது ஏலம் அல்ல. அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கின்றன. முந்தைய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் முன்வைத்த யோசனை இது. 1936-இல் நடைமுறைக்கு வந்தது. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போகக்கூடாது, நலிந்தவர்களும் எழுந்து நிற்கவேண்டும் என்பது அதன் நோக்கம். கடைசியில் நிற்பவரை முன்னே அழைக்கும் இந்த ஏற்பாட்டில் நற்செய்தியின் மணம் சற்று வீசத்தான் செய்கிறது.

ஆனால், நாம் இங்கே சிந்திக்க விரும்புவது அடுத்து நடப்பதைப் பற்றி. பெயர்கள் வாசித்து முடிந்த உடனேயே நிபுணர்கள் மதிப்பெண் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அணிக்கு 'ஏ', அந்த அணிக்கு 'சி'. இந்த வீரரை எடுத்தது கொள்ளை மலிவு, அந்த வீரருக்கு இந்த இடம் அதிகம் என்று தீர்ப்புகள் வெளிவருகின்றன. 1984-இலேயே தொலைக்காட்சியில் இப்பணியைத் தொடங்கிய மெல் கைப்பர் போன்றவர்களுக்கு இது வாழ்நாள் தொழில். இந்த மதிப்பெண்களைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தந்தக் கல்லூரியின் ரசிகர்கள் வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள். புதிய அணிக்காக அந்த இளைஞர்கள் இன்னும் ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் அக்கறை கொள்ள ஒரு காரணம் உண்டு. இந்த விளையாட்டில் மிகப் புகழ்பெற்ற கல்லூரிகளுள் ஒன்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகமே. இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரை ஒட்டியுள்ள நோட்டர் டாம் பல்கலைக்கழகம், திருச்சிலுவைச் சபையின் அருள்பணியாளர் எட்வர்ட் சோரின் 1842-இல் நிறுவியது. 'நம் அன்னை' என்பதே அப்பெயரின் பொருள். நூலகச் சுவரில் கைகளை உயர்த்தி நிற்கும் இயேசுவின் மாபெரும் ஓவியம் விளையாட்டரங்கிலிருந்து பார்த்தால் தெரியும். புள்ளி கிடைத்துவிட்டது என்று நடுவர் கையை உயர்த்துவதுபோல் அது இருப்பதால், ரசிகர்கள் அதை 'டச்டவுன் இயேசு' என்று செல்லமாக அழைக்கிறார்கள். இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இதுவரை ஐந்நூறுக்கும் அதிகம்.

2025 ஏப்ரலில் கிரீன் பே நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 257 பேரில் ஆறு பேர் நோட்டர் டாம் மாணவர்கள். அவ்வாண்டு சனவரியில் அவர்களது அணி தேசிய இறுதிப் போட்டி வரை சென்று, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக அணியிடம் 34-23 எனத் தோற்றிருந்தது. ஆனாலும் முதல் சுற்றில் அவர்களில் ஒருவரது பெயரும் வரவில்லை. பெஞ்சமின் மாரிசன் 53-ஆவதாக எடுக்கப்பட்டார். 2024 அக்டோபரில் இடுப்பில் ஏற்பட்ட காயம் அவருக்கான மதிப்பைக் குறைத்திருந்தது. ரைலி மில்ஸ் டிசம்பரில் முழங்காலில் அடிபட்டவர். அவருக்கு 142-ஆம் இடம். 2023-இல் நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருது பெற்ற சேவியர் வாட்ஸ்கூட 96-ஆவதாகத்தான் அழைக்கப்பட்டார்.

ரசிகர்கள் வாதாடுவது இதைப் பற்றித்தான். எங்கள் பையனுக்கு அநீதி நடந்துவிட்டது என்பார் ஒருவர். நிபுணர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார் மற்றவர். போட்டிக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிப் பார்த்து வருந்துவார் இன்னொருவர். இந்த வாதங்களில் பாசம் இருக்கிறது. அதை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் உற்றுக் கேட்டால் வேறொன்றும் புலப்படும். ஓர் இளைஞனின் இடுப்பும் முழங்காலும் சந்தைப் பொருளைப்போல் எடைபோடப்படுகின்றன. அவனுக்குக் கிடைக்கும் எழுத்து நம் கல்லூரியின் மானமாக, நம் மானமாக மாறிவிடுகிறது. உண்மையில் அந்த எண்ணால் பாதிக்கப்படுபவன் அவன்தான். எத்தனையாவதாக அழைக்கப்படுகிறான் என்பதைப் பொறுத்தே அவனது முதல் ஒப்பந்தத்தின் ஊதியம் அமைகிறது. அவன் குடும்பத்தின் எதிர்காலம் அதில் இருக்கிறது.

சரி, இந்த மதிப்பெண்கள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை? வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

1936-இல் முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைப் போட்டியில் ஒருமுறைகூட விளையாடவில்லை. 1979-இல் நோட்டர் டாம் மாணவர் ஜோ மொன்டானா 82-ஆவதாக எடுக்கப்பட்டார். நான்கு முறை 'சூப்பர் பவுல்' வெற்றிக் கோப்பையை வென்றார். 2000-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிரேடி 199-ஆவது ஆள். ஏழு முறை வென்றார். 2012-இல் சியாட்டில் அணி ஆள் எடுத்த விதத்தைப் பல நிபுணர்கள் எள்ளி நகையாடி மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தனர். அந்த ஆள்களை வைத்துக்கொண்டே அவ்வணி 2014 பிப்ரவரியில் கோப்பையை வென்றது. 2022-இல் நோட்டர் டாமின் கைல் ஹாமில்டன் முதல் பத்துப் பேருக்குள் வருவார் எனப் பலர் எண்ணியிருந்தனர். நாற்பது கெஜ தூரத்தை அவர் 4.59 நொடியில் ஓடினார். அந்த இடத்தில் ஆடுபவருக்கு இது போதாது என்று பேசப்பட்டு, 14-ஆம் இடத்துக்கு இறங்கினார். அடுத்த ஆண்டே நாட்டின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலின் முதல் வரிசையில் இடம்பெற்றார்.

நிபுணர்கள் எப்போதும் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. முதலில் அழைக்கப்படுபவர்களில் பலர் நன்றாகவே விளையாடுகிறார்கள். ஆள் எடுக்கும் அணி ஆய்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். திருஅவையும் குருத்துவப் பயிற்சிக்கு வருபவரை ஆய்ந்து பார்த்தே ஏற்றுக்கொள்கிறது. கணிப்பது பாவமல்ல. கணிப்பை முடிவான தீர்ப்பாக்கி, அதை ஒரு மனிதனின் நெற்றியில் எழுதி ஒட்டுவதுதான் தவறு.

இந்த வரலாற்றில் என் மனதைத் தொட்டவர் ராக்கி பிளையர். நோட்டர் டாம் அணியின் தலைவராக இருந்தவர். 1968-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரை 16-ஆம் சுற்றில், 417-ஆவது ஆளாக எடுத்தது. இன்றைய கணக்குப்படி பார்த்தால் அவர் பெயர் வாசிக்கப்பட்டே இருக்காது. அதே ஆண்டில் அமெரிக்க இராணுவமும் அவரை அழைத்தது. கட்டாய இராணுவச் சேவைக்கான அழைப்புக்கும் ஆங்கிலத்தில் 'டிராஃப்ட்' என்றுதான் பெயர். 1969 ஆகஸ்டில் வியட்நாம் போரில் தொடையில் குண்டு பாய்ந்தது. கையெறி குண்டு வெடித்துக் காலும் சிதைந்தது. இனி விளையாட முடியாது என்றனர் மருத்துவர்கள். மருத்துவமனையில் கிடந்த அவருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஸ்டீலர்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் ரூனி. நாள்தோறும் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர். அணிக்கு நீ தேவைப்படுகிறாய் என்பதே செய்தி. 417-ஆவது ஆளுக்கு, நடக்கவே தடுமாறியவருக்கு, அப்படி எழுதினார். பிளையர் பல ஆண்டுகள் உழைத்து மீண்டும் களமிறங்கினார். 1976-இல் ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் பந்துடன் ஓடினார். நான்கு சூப்பர் பவுல் வெற்றிகளில் பங்குகொண்டார்.

மதிப்பெண் செய்ய முடியாததை ஓர் அஞ்சலட்டை செய்தது.

நோட்டர் டாமின் இன்னொரு மாணவர் ஆலன் பேஜ். 1967-இல் 15-ஆவதாக எடுக்கப்பட்டவர்; 1971-இல் ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரரானார். விளையாடிக்கொண்டே சட்டம் படித்து, 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றினார். மாணவர்களின் கல்விக்காக அறக்கட்டளை நிறுவினார். நாற்பது கெஜ ஓட்டத்தை அளக்கும் எந்தக் கடிகாரம் இதை அளந்து சொல்லும்?

விவிலியமும் தேர்வுகள் நிறைந்த நூல்தான். மற்ற எல்லாரையும்விட உயரமாக இருந்த சவுல் முதல் அரசரானார். அவரது முடிவை நாம் அறிவோம். அதன்பின் ஈசாயின் வீட்டுக்கு வந்த சாமுவேல், மூத்த மகன் எலியாபின் தோற்றத்தைக் கண்டவுடன் இவரே என்று நினைத்துவிட்டார். இறைவாக்கினரின் கணிப்பே தவறியது! மனிதர் முகத்தைப் பார்ப்பதுபோல் தாம் பார்ப்பதில்லை என்று ஆண்டவர் அவரைத் திருத்தினார் (1 சாமு 16). வரிசையில் நிறுத்தவும் தகுதியில்லை என்று ஆடு மேய்க்க விடப்பட்ட கடைசி மகனே அருள்பொழிவு பெற்றார்.

திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் வேறொரு தேர்வு நடக்கிறது. யூதாசின் இடத்துக்கு இருவர் முன்நிறுத்தப்படுகின்றனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுகிறது. மற்றவர் யுஸ்து எனப்பட்ட யோசேப்பு. அவரும் தொடக்கத்திலிருந்தே ஆண்டவரோடு நடந்தவர். உயிர்ப்புக்குச் சாட்சி பகரத் தகுதி பெற்றவர். அவர் பெயர் அழைக்கப்படவில்லை. அவர் முணுமுணுத்ததாகவோ விலகிப் போனதாகவோ விவிலியம் சொல்லவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த விளையாட்டை ஆடும் இளைஞர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை அணிகளுக்குச் செல்வதில்லை. அழைக்கப்படாத அந்தப் பெரும் கூட்டத்துக்கும், நம்மிடையே அழைக்கப்படாமல் நிற்கும் எத்தனையோ பேருக்கும், யுஸ்து ஒரு நல்ல துணை.

தாலந்து உவமையையும் எண்ணிப் பாருங்கள் (மத் 25). ஐந்து தாலந்து பெற்றவர் மேலும் ஐந்து ஈட்டினார். இரண்டு பெற்றவர் மேலும் இரண்டு. தலைவர் இருவருக்கும் சொன்ன பாராட்டில் ஒரு சொல்கூட வேறுபடவில்லை. ஐந்துக்கு 'ஏ', இரண்டுக்கு 'சி' என்று அவர் போடவில்லை. கொடுக்கப்பட்டதை என்ன செய்தாய் என்பதே அவரது கேள்வி.

திருத்தந்தையரும் இதைப் பற்றிப் பேசியுள்ளனர். பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான திருப்பீடத் துறை 2018 சூன் மாதம் விளையாட்டு பற்றி வெளியிட்ட ஏடு, வீரரின் உடலை வெறும் கருவியாக நடத்தும் போக்கைக் கண்டித்தது. 2025 சூன் 15 அன்று விளையாட்டுத் துறையினருக்கான யூபிலித் திருப்பலியில் திருத்தந்தை பதினான்காம் லியோ, வலியவரும் வெல்பவருமே வாழத் தகுதியுள்ளவர் என்று எண்ணும் உலகில், தோற்கவும் கற்றுத் தருவது விளையாட்டு என்று நினைவூட்டினார். தோல்வியில்தான் மனிதர் தம் வலுவின்மையை அறிந்து, எதிர்நோக்குக்கு இதயத்தைத் திறக்க முடிகிறது.

அன்பானவர்களே, அமெரிக்க ரசிகர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் போய்விட முடியாது. தேர்வு முடிவு வந்த அன்று நம் வீட்டில் என்ன பேசுகிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைச் சொல்லித்தானே நம் பிள்ளையை அளக்கிறோம்? புதிதாக வந்த பங்குத்தந்தைக்கு முதல் மறையுரையிலேயே மதிப்பெண் போட்டுவிடுவதில்லையா? வீட்டுக்கு வந்த மருமகளுக்கு, பாடகர் குழுவில் சேர்ந்த இளைஞனுக்கு, திருமணமாகாமல் இருக்கும் மகளுக்கு எத்தனை எழுத்துகளை நாம் ஒட்டியிருக்கிறோம்? காலம் வருமுன் தீர்ப்பிட வேண்டாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது (1 கொரி 4) நமக்காகவும்தான்.

இந்த வாரம் ஒன்று செய்வோம். குறைந்த மதிப்பெண்ணோடு தலைகுனிந்து நிற்கும் ஒருவர் நம் குடும்பத்திலோ பங்கிலோ கட்டாயம் இருப்பார். அவரிடம் போய், நீங்கள் எங்களுக்குத் தேவை என்று சொல்வோம். உங்கள் வாயிலிருந்து அது வருவதற்காக அவர் பல நாள்களாகக் காத்திருக்கலாம்.

வரிசையின் கடைசியில் நின்றவர்களையும் பெயர் சொல்லி அழைத்த ஆண்டவர், நம் கண்களையும் அவ்வாறே பார்க்கப் பழக்குவாராக. ஆமென்.