எங்களைக் குறைத்து எண்ணியது யார்?

எழுபதாயிரம் பேராம்! 2009 தொடக்கத்தில் இலங்கைப் போரின் நடுவே வன்னியில் சிக்கிக் கிடந்த சனம் அவ்வளவுதான் என்று கொழும்பு அரசு உலகத்துக்குச் சொன்னது. எங்களோடு பதுங்குகுழிக்குள் கிடந்த மாவட்ட அதிகாரிகள் 3,30,000 என்று எழுதி அனுப்பினார்கள். பிழையான தகவல் தந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று அவர்களுக்குப் பதில் வந்தது. அந்தக் குறைந்த கணக்கை வைத்தே எங்களுக்கு வரவேண்டிய உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தினார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவே இதை எழுதியது. கணக்கில் இல்லாத நாங்கள் காற்றையா குடிப்பது?

2008 செப்டெம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. பணியாளர்கள் புறப்பட்டபோது, போகாதேயுங்கோ என்று அவர்களின் வாசலில் நின்று கும்பிட்டோம். போய்விட்டார்கள். தரைப்பாதையும் அடைபட்ட பிறகு மாத்தளன் கரைக்கு வந்த செஞ்சிலுவைக் கப்பலே கதி. காயக்காரரை ஏற்றிக்கொண்டு, கொஞ்ச உணவை இறக்கிவிட்டுப் போகும். மே 9க்குப் பிறகு அதுவும் வரவில்லை.

அரிசி, உப்பு, தண்ணீர். அதுதான் கஞ்சி. அதற்கும் வரிசை, அந்த வரிசைக்கும் எறிகணை. ஏப்ரல் 8, அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க நின்றவர்கள் தாய்மாரும் பிள்ளைகளும். அவர்கள் நடுவில் எறிகணைகள் விழுந்தன. பால்மாவுக்கான அட்டையைக் கையில் இறுகப் பிடித்தபடியே சில தாய்மார் செத்துக் கிடந்தார்கள். அந்த அட்டையில் எந்தப் பயங்கரவாதம் எழுதியிருந்தது?

புலிகளையும் சொல்லாமல் விட மாட்டோம். வெளியேறவிடாமல் மறித்தார்கள்; தப்பி ஓடிய எங்கள் சனத்தைச் சுட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் நாங்கள் தேவைப்பட்டோம். எங்கள் பசி ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

போர் முடிந்து, மே முடிவில் முள்கம்பி முகாம்களுக்குள் 2,80,000க்கு மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தோம். எழுபதாயிரம் இத்தனையாக எப்படிப் பெருகியது? செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் அல்லவா நாங்கள்! இத்தனை பேர் உள்ளே இருந்தது தெரியாது என்று இனி யார் சொன்னாலும் நாங்கள் நம்பமாட்டோம். தெரியும். தெரிந்துதான் அரிசியை அளந்தார்கள்.

உலகத்தாரே, இனி எங்கேனும் சனம் முற்றுகைக்குள் சிக்கினால், அவர்களின் தலைக்கணக்கை முற்றுகையிட்டவர்களிடம் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் மருத்துவரையும் கிராம அலுவலரையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்பி மூட்டைகளை ஏற்றுங்கள். எங்களைக் குறைத்து எண்ணியதற்காக எவரும் இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.