கமரா ஆட்டத்தைப் பார்க்கட்டும்

2025 ஜூன் 1, நோர்வே செஸ். குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேசையில ஓங்கிக் குத்தினார். அந்தக் குத்து உலகமெல்லாம் சுத்தினது. தோற்கவேண்டிய ஆட்டத்தைக் குகேஷ் எப்படித் திருப்பினார் எண்டு எத்தனை பேர் பார்த்தவை?

கமராவே வேண்டாமெண்டு நாங்கள் சொல்லேல்ல. அது இல்லாட்டி சென்னைப் பெடியன் உலக சாம்பியனானதைத் திருகோணமலையில இருந்து பார்த்திருக்க ஏலாது. ஆட்டத்தைக் காட்டவந்த கமரா ஏன் ஆளின்ர முகத்தை மேயுது எண்டதுதான் எங்கட கேள்வி.

கார்ல்சனுக்குப் பேரும் பணமும் இருக்கு. ஏகாம்பரம் மைதானத்தில பெனால்டியைத் தவறவிட்டுக் குந்தியிருக்கிற பெடியனுக்கு என்ன இருக்கு? அவனைக் கேக்காமலே ரீல்ஸ் போட்டு, நக்கலுக்குப் பாட்டும் சேர்க்கினம்.

கோலை எடுங்கோ, ஆயிரம் தரம் போடுங்கோ. கடைசி விசிலுக்குப் பிறகு போனை இறக்குங்கோ. ஆட்டம் எல்லாருக்கும், அழுகை அவனுக்கு மட்டும்.