எடையை வைத்து நோயை எடைபோட வேண்டாம்

"நல்ல உடம்போடுதானே இருக்கிறீர்கள், உங்களுக்கா குடல் நோய்?" சீலியாக் நோய் உள்ள பெரியவர்கள் உறவினரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மெலிந்தவருக்கே குடல் நோய் வரும் என்னும் இந்த எண்ணம் நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்துகிறது. மருத்துவர்களாகிய நாங்களும் இப்பிழைக்கு முற்றிலும் விலக்கானவர்கள் அல்லர்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தின் தூண்டுதலால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்குவதே சீலியாக் நோய். இதனால் சத்துகளை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. ஒட்டிய உடல், உப்பிய வயிறு, ஓயாத வயிற்றுப்போக்கு என்று பாடநூல்கள் காட்டிவந்த தோற்றம் பெரிதும் குழந்தைகளுடையது. பெரியவர்களிலோ, நோய் கண்டறியப்படும்போது பலர் இயல்பான எடையுடனும், சிலர் மிகை எடையுடனும் இருக்கின்றனர்.

இதற்குக் காரணம் உண்டு. பாதிப்பு பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில் மிகுதியாக இருக்கும். கீழ்ப்பகுதி அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆகவே எடை குறையாமலே இருக்கலாம். ஆனால் இரும்புச்சத்து மேற்பகுதியிலேயே ஈர்க்கப்படுவதால், மாத்திரைக்கும் கட்டுப்படாத இரத்தசோகை முதல் அறிகுறியாகத் தோன்றக்கூடும். வயிற்று உப்புசம், வயிற்றுவலி, ஓயாத களைப்பு, ஏன், மலச்சிக்கல்கூட இந்நோயின் வெளிப்பாடாக இருக்கலாம்.

வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இந்நோய் குறைவு என்பதும், எல்லா உப்புசமும் சீலியாக் அன்று என்பதும் உண்மையே. எனினும் அறிகுறிகள் நீடித்தால் எடையைக் காரணம் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போடுவது முறையன்று. இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும், தேவைப்படின் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசுச் சோதனையும் செய்யப்படும். சோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவு இல்லையெனக் காட்டக்கூடும்.

சிகிச்சை தொடங்கிய பின்னும் எடை நம்மை ஏமாற்றும். குடல் ஆறும்போது சத்துகள் நன்கு சேர்வதால் எடை கூடலாம். உடனே வீட்டார், "உடம்பு தேறிவிட்டதே, ஒரு சப்பாத்தி சாப்பிட்டால் என்ன?" என்று அன்போடு வற்புறுத்துவர். எடை தேறியதால் நோய் நீங்கிவிடவில்லை; இவ்வுணவுக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுமைக்கும் உரியது. எடை மிகுந்துவிட்டதெனக் கட்டுப்பாட்டைக் கைவிடுவதும் தவறு. குளூட்டன் இல்லாத பிஸ்கட், கேக் முதலியவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருக்கலாம். அவற்றைக் குறைத்து அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, பருப்பு, காய்கறி ஆகியவற்றை அளவோடு உண்பதே நன்று.

கட்டுப்பாட்டுக்குப் பின்னும் உப்புசமோ பேதியோ தொடர்ந்தால், சமையலறையைச் சற்று ஆராயுங்கள். ரவை, சேமியா, மைதா ஆகியவை கோதுமையே. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசையும் தீங்கு செய்யலாம். நம் நாட்டு விதிப்படி, குளூட்டன் அற்றது எனக் குறிக்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது. பொட்டலத்தின் மேல் அக்குறிப்பு உள்ளதா எனப் பாருங்கள். அதன் பின்னரும் தொல்லை நீடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மருத்துவரிடம் வாருங்கள்.

குடும்பத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே: நோயாளியின் உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவர் தம் வயிற்றைப் பற்றிச் சொல்வதைக் கேளுங்கள்.