முதலில் குளிர்வித்தல்

வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் வீசும் அனற்காற்றுக்கு 'லூ' என்று பெயர். வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால், "லூ பட்டுவிட்டது" என்பர். முகத்தில் சிறிது நீர் தெளித்து, வாயில் நீர் புகட்டி, வண்டி தேடி ஓடுவர். இவ்வழக்கம் மாற வேண்டும். வெப்பத்தாக்கு வெறும் மயக்கமன்று. மூளைக்கு நேரும் காயம்.

உடலின் வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் நிலைநிறுத்துவது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி. சூடு மிகும்போது அதன் ஆணைப்படி தோலின் இரத்த நாளங்கள் விரிகின்றன. உள்ளிருக்கும் சூட்டை இரத்தம் தோலுக்குச் சுமந்து வருகிறது. வியர்வை ஆவியாகி அதனை அகற்றுகிறது. வியர்த்து வியர்த்து உடலின் நீர் வற்றினால், விரிந்த நாளங்களை நிரப்ப இரத்தம் போதாது. இரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் விரைந்து துடித்தும் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. குடலும் இரத்தமின்றி வாடுகிறது. அதன் சுவர் பழுதுபட்டு, நுண்ணுயிரிகளின் நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அந்நச்சும் சூடும் சேர்ந்து நாளங்களின் உட்படலத்தைச் சிதைக்கின்றன. ஆங்காங்கே இரத்தம் உறைகிறது, மூளை வீங்குகிறது.

உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அதுவே வெப்பத்தாக்கு. குடித்துவிட்டு உளறுகிறார் என்று பலர் விலகிச் செல்வதும் இந்நிலையைக் கண்டுதான். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உழைக்கும்போது தாக்குண்டவரின் உடல் நனைந்தே இருக்கலாம். சிறுமூளையின் செல்கள் சூட்டைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. பிழைத்தவர்களுள் சிலர் பின்னரும் தள்ளாடி நடப்பது அதனால்தான்.

காய்ச்சல் மாத்திரை இங்கே பயன்படாது. காய்ச்சலில் உடலின் சூட்டை உயர்த்துவது மூளையே. வெப்பத்தாக்கிலோ மூளை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது. சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் நம்பிக்கையே. மாங்காய்ச் சாறான பன்னா வெளியே புறப்படுமுன் பருக நல்லது. நினைவிழந்தவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.

மருத்துவமனைக்கு விரைவதே முதற்கடமை எனச் சிலர் வாதிடுவர். 108 என்ற எண்ணை உடனே அழைக்கத்தான் வேண்டும். ஆனால் அரை மணி நேரத்திற்குள் உடல் குளிர்ந்தால் உயிரும் மூளையும் தப்ப வாய்ப்பு மிகுதி. ஆகவே வண்டி வரும்வரை வாளி வாளியாக உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும்.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாதின் வெப்பநிலை 46.8 பாகையை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, முன்னெச்சரிக்கை விடுக்கத் தொடங்கியது. எச்சரிக்கையைக் கேட்டு வீட்டிலிருக்கக் கூடியவர்களுக்கு அது போதும். கட்டட வேலையாளுக்கு அந்த வசதி இல்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் குடிநீர்ப் பானையோடு ஒரு தொட்டி நீரும் நிழலும் இருக்க வேண்டும். அந்நீரை எப்போது, யார்மீது ஊற்றுவது என்பதை மேற்பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும்.