தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லையா?

சென்னைக்குத் தனியாக வருகிற பெண்கள் இன்று ஏராளம். பரீட்சை எழுத வருகிறார்கள். வேலைக்குப் பேட்டி கொடுக்க வருகிறார்கள். மார்கழியில் மயிலாப்பூர்ச் சபாக்களில் கச்சேரி கேட்க வருகிறார்கள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தாயைப் பார்க்க வருகிறார்கள்.

வந்த காரியம் பகலில் முடிந்துவிடும். இரவு எங்கே தங்குவது?

உறவினர் வீடு இருக்கவே இருக்கிறது என்பார்கள் பெரியவர்கள். அது தோட்டமும் திண்ணையும் இருந்த காலத்துப் பேச்சு. இன்று உறவினர் வீட்டில் இரண்டே அறை. அதிலும் ஒன்றில் பரீட்சைக்குப் படிக்கும் பையன்!

ஆகவே லாட்ஜுக்குப் போகிறாள். அங்கே மானேஜர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்பதுதான். யாரும் இல்லை என்று அவள் சொன்னதும், "ரூம் காலி இல்லை" என்ற பதில் பல இடங்களில் வந்துவிடுகிறது. அவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கும்!

மானேஜர் பொல்லாதவர் அல்ல. அவருக்குப் பயம். தனியாக வந்தவர் அறைக்குள் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்ற பயம். முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம். ஆனால், பெண் தனியாகத் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. அடையாளச் சீட்டு காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, வாடகையைக் கட்டுகிறவர் ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன?

"அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காகத்தான்" என்றும் சொல்கிறார்கள். இதுதான் வேடிக்கை. இரவு 10 மணிக்குப் பெட்டியுடன் தெருவில் நிற்பது பாதுகாப்பா? 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களைக் காசு கேட்காமல் ஏற்றிக்கொள்கிற ஊர் இது. அறை கேட்டால் மட்டும் துணை எங்கே என்கிறது!

அன்று தட்டிய கதவு

இந்தக் கதை சென்னைக்குப் புதிது அல்ல. 1930-ல் தேவதாசிக் குலத்தில் பிறந்த சிறுமிகள் சிலர், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை விடுதியில் சேர்க்க டாக்டர் முயன்றார். விடுதிகள் மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1954-ல் தொடங்கியவரும் இதே அம்மையார்தான். அவருக்கு முன்பே, இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார் சகோதரி சுப்புலட்சுமி. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ், பிறகு இவர்களுக்கு விடுதியாயிற்று.

அதே திருவல்லிக்கேணியில் ஆண்களுக்கு மேன்ஷன்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 'சேவல் பண்ணை' என்று கேலிப் பெயரும் வந்தது. ஒரு இரவு தங்க வரும் பெண்ணை நினைத்து யாரும் அப்படிக் கட்டவில்லை.

எந்தப் பகுதி நல்லது?

அறை அழகாக இருந்தால் போதாது. ரயிலோ பஸ்ஸோ நிற்கும் இடத்திலிருந்து வாசல்படி வரை உள்ள தெருவைப் பார்க்க வேண்டும்.

தியாகராய நகரில் இரவு 9 மணி வரை கூட்டம் நெரியும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு 2023-ல் ஆகாய நடைபாலமும் வந்துவிட்டது. ஆனால் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியதும் கூட்டம் மாயமாகிவிடும். ஆகவே பெரிய சாலையை ஒட்டிய விடுதியே மேல்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் விடிவதற்கு முன்பே நடமாட்டம் உண்டு. பூக்காரியும் பால்காரரும் கோவிலுக்குப் போகும் பாட்டியும் தெருவில் இருப்பார்கள். தனியாக வருகிறவளுக்கு இதைவிடக் காவல் வேறு என்ன? ஆனால் பறக்கும் ரயிலில் வந்து திருமயிலையில் இறங்குவதானால் பகலில் இறங்குவது நல்லது. அத்தனை பெரிய கட்டடம் இரவில் வெறிச்சோடிக் கிடக்கும்.

அடையாறு அமைதியான குடியிருப்பு. காந்தி நகரிலும் இந்திரா நகரிலும் மரம் அடர்ந்த தெருக்கள். பகலில் குளுமையாக இருக்கும். இரவில் அந்த மரங்களே விளக்கை மறைக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இதுதான் வசதி.

தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலிருந்து மயிலாப்பூர் ஏறத்தாழ 30 கிலோ மீட்டர். இருட்டும் நேரத்தில் அங்கே வந்து இறங்கினால், அறைக்குப் போவதே இன்னொரு பிரயாணம்.

மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்குப் பெண்கள் விடுதி உண்டு. 2014-ம் ஆண்டுச் சட்டப்படி அவை கலெக்டரிடம் உரிமம் பெற வேண்டும். 'உரிமத்தைக் காட்டுங்கள்' என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அரசாங்கமும் 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. அடையாறிலும் ஒன்று உண்டு. ரயில் டிக்கெட் இருந்தால் சென்டிரலிலும் எழும்பூரிலும் ஓய்வறை கேட்கலாம். ஆபத்து என்றால் 181-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

லாட்ஜ்காரர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. போனில் அறை கேட்கும்போதே உண்டு, இல்லை என்று சொல்லிவிடட்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வந்தபின் "துணை எங்கே?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? பெண்களும் புறப்படும் முன்பே, "நான் ஒருத்திதான் வருகிறேன்; அறை உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இரவில் வரவேற்பு மேஜையில் ஆள் இருப்பாரா, உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்பதையும் அதே போனிலேயே கேட்டுவிடலாம்.