இறங்கிப் பூட்டினால் என்ன குறைச்சல்?

சென்னையில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். படித்தவர், நல்லவர், புதியது எதுவாயினும் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் சிநேகிதர் ஒருவர், தம்முடைய பழைய ஜீப்பிலிருந்த தானியங்கி ஹப்புகளைக் கழற்றிவிட்டு, கையால் திருகிப் பூட்டும் ஹப்புகளை மாட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உலகம் முன்னால் போகிறது, இந்த மனுஷன் பின்னால் போகிறாரே!" என்றார். அந்தச் சிரிப்புக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஜீப்பின் முன் சக்கரத்து நடுவில் ஒரு திருகு இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். பழைய வண்டியில் உள்ளே ஒரு கியரைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை கிடைக்கும். கியரை எடுத்துவிட்டாலும் சக்கரம் உருளும்போது அதனோடு முன் ஆக்ஸிலும் அதன் பற்சக்கரங்களும் சேர்ந்து வீணாகச் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளைச் சாதாரண ஜனங்கள் வாங்கிச் சாலையில் ஓட்டியபோது இந்த வீண் சுழற்சி பெரிய தொல்லையாயிற்று. 1948-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கொரு வழி செய்து விற்கலானார். திருகை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரமும் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். அவ்வளவுதான் விஷயம். குழந்தைக்கும் புரியும்.

பிறகு, 'இறங்கித் திருகுவானேன்?' என்று ஒரு கேள்வி பிறந்தது. 1980-களில் பல கம்பெனிகள் தானியங்கி ஹப்புகளை வைத்து வண்டிகளை விற்றன. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினால் ஆக்ஸில் சுழலும். அந்தச் சுழற்சியே உள்ளிருக்கும் வளையத்தைத் தள்ளிப் பூட்டிவிடும். விடுவிக்க வேண்டுமானால் கியரை எடுத்துவிட்டுச் சில அடி தூரம் பின்னால் போக வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித்தானே வெளியே எடுப்பார்கள்? ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் இந்த ஹப் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பிடிக்கும்போது உள்ளே மடாரென்று ஓர் அடி. இறக்கத்திலோ, சில வகை ஹப்புகள் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேளையில், 'இழுவை நின்றுவிட்டது' என்று எண்ணிக்கொண்டு முன் சக்கரங்களைக் கைவிட்டுவிடுகின்றன.

அப்படிக் கைவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்த்தேன். மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம். செம்மண் பாதை, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். டிரைவர் பெரியவர் சின்ன கியரில்தான் இறக்கினார், பிரேக்கை மிதிக்கவில்லை. எஞ்சினின் பிடி முழுவதும் பின் சக்கரங்கள் மேலேயே விழுந்தது. இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னால் சாயும். லேசாகிப்போன பின் சக்கரங்களுக்குத் தரை எங்கே பிடி கொடுக்கும்? வண்டியின் பின்பாகம் பள்ளத்தின் பக்கம் மெல்லத் திரும்பிற்று. அவர் ஸ்டியரிங்கை ஒடித்து மேட்டில் மோதி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவுமில்லை.

"முன்னாடி சக்கரம் பிடிச்சிருந்தா இப்படி ஆகாது சார். அது பிடிச்சிருக்கா, விட்டிருக்கான்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்றார் பெரியவர்.

என் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. 'எனக்குத் தெரியவில்லை' என்று ஓட்டுகிறவனைச் சொல்ல வைக்கும் சாதனம், அதற்கு எத்தனை அழகான பெயர் வைத்தாலும், சௌகரியம் ஆகாது.

"சேற்றில் இறங்கி யார் ஐயா திருகுவது?" என்பது சென்னை நண்பரின் முதல் கேள்வி. சேற்றில் ஏன் இறங்க வேண்டும்? மலையடிவாரத்து டீக்கடையில் நிற்கிறீர்களே, அங்கேயே திருகிவிடுங்கள். ஹப்பைப் பூட்டிய பிறகும் கியரைப் போடாமல் நல்ல சாலையில் தாராளமாகப் போகலாம்; வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெட்டியான தார்ச்சாலையில் கியரையும் சேர்த்துப் போட்டு ஓட்டினால்தான் தவறு. வீடு திரும்பியதும் விடுவித்துக்கொள்ளலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமாக ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்கள், வழியில் எத்தனை இடத்தில் எப்படியும் இறங்க நேரும் என்பதை அறிவார்கள்.

"மறந்துபோனால்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. மறந்து கியரை மட்டும் போட்டால் முன் ஆக்ஸில் சும்மா சுழலும். சின்ன கியரின் பலமெல்லாம் பின் ஆக்ஸிலின் தலையில் விழும். அது முறியவும் கூடும். ஆனால் மறந்தவன் இறங்கிப் பார்த்தால் தெரிந்துகொள்வான். திருகின் முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். தானியங்கி மறந்தால் யார் போய் அதனிடம் கேட்பது?

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டாம். என் சிநேகிதர் முதலில் போன பட்டறையில் ஒரு பையன், "ஆறு போல்ட்தானே சார், அரை மணி நேர வேலை" என்றானாம். போல்ட்டுகளைக் கழற்ற அரை மணி போதும். ஆனால் ஆக்ஸில் முனையின் பல் எண்ணிக்கை புதிய ஹப்புக்குப் பொருந்த வேண்டும். சில வண்டிகளில் தானியங்கிக்கென்று வைத்த பேரிங் நட்டுகள் கை ஹப்புக்கு உதவா. அவற்றையும் மாற்ற வேண்டும். திறந்ததுதான் திறந்தோம் என்று பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, வாஷரால் பூட்டி, வெளி நட்டை இறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பேரிங் கருகும், அல்லது சக்கரம் ஆடும். இரண்டு பக்கமும் ஒரே வகை ஹப் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மாட்டிய பிறகும் மாதத்துக்கு ஒரு முறையாவது பூட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய்ப் பசை காயாமல் இருக்கும்.

நான் யந்திரத்துக்கு விரோதி அல்ல. கை ஹப்பும் யந்திரம்தானே? மனிதன் உழைப்பைக் குறைக்க வரும் யந்திரத்தை நான் இரு கை கூப்பி வரவேற்பேன். அவன் கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தன் கவனத்தையும் தராமல் ஏய்க்கும் யந்திரத்தைத்தான் வேண்டாம் என்கிறேன். புதிது, பழசு என்பதா இங்கே கேள்வி? பள்ளத்தின் ஓரத்தில் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

போன மழைக்காலத்தில் அதே பாதையில், அதே பெரியவரோடு, அதே ஜீப்பில் மறுபடியும் இறங்கினேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய் இரண்டு சக்கரத்தின் திருகையும் விரலால் தொட்டுப் பார்த்தார். வந்து உட்கார்ந்து வேட்டி நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"பிடிச்சிருக்கு சார், போலாம்" என்றார்.

போனோம். சென்னை நண்பர் இனி தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.