"பிறகு கூட்டலாம்"

மடிக்கணனிக்கு நினைவகம் கூட்டுவதைப் பற்றி நான் எழுதுவேன் என்று சில வாரங்களுக்கு முன்னர் எவராவது கூறியிருந்தால் சிரித்திருப்பேன். நான் கலைப்பட்டதாரி. கணனியின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய முற்படாமலேயே அதில் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தி எழுதி வந்தவன். அந்த அலட்சியத்துக்கு இப்பொழுது விலை கொடுத்துவிட்டேன். எனது அனுபவம் வாசகர் ஒருவருக்காவது பயன்பட்டால் மகிழ்ச்சி.

2024 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு கடையில் மெல்லிய மடிக்கணனி ஒன்றை வாங்கினேன். நினைவகம் 8 ஜிகாபைற். அது போதுமா என்று கேட்டேன். "இப்போதைக்குக் காணும் ஐயா, தேவையெண்டால் பிறகு கூட்டலாம்" என்றார் விற்பனையாளர். நம்பினேன். இன்று இணைய உலாவியில் பதினைந்து பக்கங்களையும் பழைய பத்திரிகைகளின் பிரதிகள் சிலவற்றையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், தட்டிய எழுத்து திரையில் தோன்றுவதற்குள் எழுத நினைத்த வாக்கியம் மறந்துவிடுகிறது.

வெள்ளவத்தையில் கணனி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதிலை றாம் போட இடமே இல்லை. எல்லாம் போர்ட்டோடை பற்றாசு பிடிச்சிருக்கு" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அலுமாரியில் கிடந்த எனது பழைய, தடித்த மடிக்கணனியை அதே இளைஞர் அன்றே உயிர்ப்பித்துவிட்டார். 2019 இல் வாங்கியது. அதில் இரண்டு ஸ்லொட்கள் இருந்தன. ஒன்றில் 4 ஜிகாபைற். மற்றது வெறுமையாகவே இருந்தது. அதில் 8 ஜிகாபைற் றாம் அட்டை ஒன்றைச் செருகினார். பழைய வன்தட்டை அகற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மருமகள் இப்பொழுது அதில்தான் தனது ஆய்வுக் கட்டுரையை எழுதுகிறாள். புதியதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவன் நான்.

இதற்குப் பின்னர் அந்த இளைஞரிடம் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணனி மந்தமானவுடன் றாம் வாங்க ஓடக்கூடாது. விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் நினைவகம் பற்றிய பகுதியை, நாம் வழமையாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே கவனிக்கவேண்டும். நினைவகம் எந்நேரமும் நிரம்பி வழிகிறதென்றால் அதுதான் குறை. பாதிதான் பயன்படுகிறதென்றால் எத்தனை ஜிகாபைற் கூட்டினாலும் பலனில்லை; குற்றவாளி பழைய வன்தட்டாக இருக்கலாம்.

எத்தனை ஸ்லொட்கள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பதையும் அதே பக்கம் பெரும்பாலும் காட்டும். வடிவம் என்ற இடத்தில் "ரோ ஒஃப் சிப்ஸ்" என்று இருந்தால், நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டது என்று பொருள்.

அடுத்தது, வகை. டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாதவை. இதில் ஒரு பொறி உண்டு. டிடிஆர் 3 இல் 1.5 வோல்ற்றில் இயங்குவதும், 1.35 வோல்ற்றில் இயங்கும் 'எல்' என்ற வகையும் ஒரே ஸ்லொட்டில் செருகக்கூடியவை. குறைந்த வோல்ற்றளவை மாத்திரம் ஏற்கும் கணனியில் மற்றதைப் போட்டால் அது இயங்காது போகலாம். வேகம் கூடிய அட்டைக்கு அதிக பணம் கொடுப்பதிலும் பயனில்லை. கணனி அனுமதிக்கும் வேகத்துக்கே அது இறங்கிவரும். உச்சமாக எத்தனை ஜிகாபைற் ஏற்கும் என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பில் முதலில் பார்த்துவிடவேண்டும்.

இவையெல்லாம் ஸ்லொட் உள்ளவர்களுக்கான அறிவுரை. என்னைப் போன்றவர்களுக்கு அறிவுரை கடையின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

ஒட்டிவிடுவதற்குத் தயாரிப்பாளர்கள் கூறும் காரணங்கள் முற்றிலும் பொய்யல்ல. அவ்வகை நினைவகம் மின்கலத்தின் சக்தியை மிச்சப்படுத்துகிறது; கணனியும் மெலிதாகிறது. ஆனால் கழற்றக்கூடியதாகவும் அதே சிக்கனத்துடனும் நினைவகத்தைச் செய்யமுடியும் என்பதை எல்பிகாம் 2 என்ற புதிய வகை காட்டிவிட்டது. 2024 இல் அது பொருத்தப்பட்ட மடிக்கணனி சந்தைக்கும் வந்தது. ஆகவே வழியே இல்லை என்ற வாதம் இனி எடுபடாது. பிற்பாடு கூட்டமுடியாதென்றால் வாங்குபவன் ஆரம்பத்திலேயே கூடுதல் பணம் கொடுக்கவேண்டும். அல்லது விரைவிலேயே இன்னொன்று வாங்கவேண்டும். இரண்டினாலும் இலாபமடைவது யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பணக்கார நாடுகளில் இது ஓர் எரிச்சல் மாத்திரமே. நமக்கு அப்படியல்ல. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதைக் கண்டவர்கள் நாம். மாதச் சம்பளக்காரர் நினைத்தபோதெல்லாம் மடிக்கணனியை மாற்றமுடியாது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதனால் 2025 இன் இறுதியிலிருந்து உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை வேகமாக ஏறியது. இத்தகைய காலத்தில், உள்ளதைத் திறந்து திருத்திப் பயன்படுத்தும் வசதியைப் பறிப்பது ஏழை நாட்டவனின் சட்டைப் பையில் கைவைப்பதற்கு ஒப்பானது.

நான் கேட்பது பெரிய விடயமல்ல. விலை எழுதிய அட்டையில், நினைவகத்தைக் கூட்டமுடியுமா முடியாதா என்ற ஒரு வரியையும் கடைக்காரர்கள் எழுதவேண்டும். மருந்துப் போத்தலில் காலாவதித் திகதி இருப்பதைப் போன்றதே இதுவும்.

அது நடக்கும்வரை வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். "பிறகு கூட்டலாம்" என்று விற்பனையாளர் சொன்னால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேளுங்கள். அவர் தயங்கினால், அங்கேயே 16 ஜிகாபைற் உள்ளதை வாங்குங்கள். அல்லது அடுத்த கடைக்குச் செல்லுங்கள். எழுத்தில் வாங்காத எதையும் நம்பாதே என்று இளம் நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்காகப் போதித்தவன் நான். கடை வாசலில் அதை மறந்துபோனேன்.